ஈரச் சாக்கும் ஏழு ஜாடியும்

போன வாரம் மலையிலிருந்து அனீஷா போன் செய்தாள். மூணாறுக்கு மேலே நான் இருபது வருஷம் வேலை பார்த்த மண்பாண்ட ஸ்டுடியோவில் இப்போது இருக்கிற பெண் அவள். குரலில் அழுகையும் கோபமும் பாதிப் பாதி.

"யக்கா, ரெண்டு ஜாடிய ஈரச் சாக்குப் போட்டு மூடி வெளிய வெச்சோம். நல்ல பனி. காலையில பாத்தா வெறும் சேறு. உங்க ஜாடியில இருக்கற அந்தப் பனிப்பூ எப்படிக்கா வரும்?"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நான் அதத் தப்பாப் பண்ணுனேன் கண்ணு. நீங்க சரியாப் பண்ணுனா எப்படி வரும்?" என்றேன்.

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மருமகள், முழுசாகச் சொல்லுங்கள் அத்தை, எழுதி அனுப்பிவிடலாம் என்றாள். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் பேசுகிறபடியே எழுதினால் மலையில் இருப்பவர்களுக்குப் பாதி புரியாது என்று தன் பள்ளிக்கூடத் தமிழில் எழுதுகிறாள். எழுதட்டும். எதையாவது கூட்டிச் சேர்த்தால் படித்துக் காட்டும்போது பிடித்துவிடுவேன்.

நான் பிறந்தது பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம், மண்பானை செய்கிற வீட்டில். எங்கள் வீட்டில் பெண்கள் சக்கரத்தைத் தொடக்கூடாது. மண் மிதிக்கலாம், கல் பொறுக்கலாம், சூளைக்கு விறகு சுமக்கலாம். பானையைத் தட்டுவதும் நாங்கள்தான். சக்கரத்திலிருந்து இறங்கும் பானை தடித்துப்போய், அடி இல்லாமல் இருக்கும். ஒரு கையில் உருண்டைக் கல்லை வைத்து உள்ளே கொடுத்து, மறு கையில் பலகையால் வெளியே தட்டித் தட்டி, வயிற்றை மெலிதாக்கி அடியை மூடவேண்டும். ஏழு வயதில் தொடங்கினேன். கல்யாணமாகிப் போன வீட்டிலும் அதே வேலை, அதே சத்தம். மாமியார் மட்டும்தான் வேறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மார்கழி, தை மாதங்களில் எங்கள் ஊரில் ஒரு காற்று அடிக்கும். மலைகளுக்கு நடுவில் இருக்கும் அந்த இடைவெளி வழியாகக் கிழக்கிலிருந்து வரும். துணி ஒரு நாழிகையில் காய்ந்துவிடும், உதடு வெடிக்கும், சுடாத பச்சைப் பானையும் வெடிக்கும். அதனால் சாயங்காலமானால் சாக்கை நனைத்துப் பிழிந்து பானைகளின் தோளில் போர்த்துவோம். பிள்ளைக்குப் போர்வை மறந்தாலும் பானைக்குச் சாக்கு மறந்ததில்லை. என் கைக்கு அது யோசிக்காமல் வரும் வேலை.

என் வீட்டுக்காரர் மண் லாரியில் போகிறவர். எங்கள் பக்கத்துக் களிமண்ணை மலைக்கு ஏற்றிப்போய் ஓரிடத்தில் இறக்குவார். ஒருநாள் வந்து, "ஏம்புள்ள, அங்க ஒரு டீச்சரம்மா ஸ்டுடியோ வெச்சிருக்குது. மண்ணு பதம் தெரிஞ்ச பொம்பள வேணுமாமா. போறயா?" என்று கேட்டார். ஸ்டுடியோ என்றால் போட்டோ பிடிக்கிற இடம் என்றுதான் எனக்குத் தெரியும். பச்சைப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு லாரியில் ஏறினேன். போய் இறங்கினால் தகரக் கொட்டகை, முழங்கால் வரைக்கும் சேறு. பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அன்றைக்கே மண் மிதித்தேன். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி டீச்சர் என்னைக் கேலி செய்வார்.

அன்றைக்கு நான் அசந்து நின்றது வேறொன்றைப் பார்த்து. சக்கரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நரைத்த கிராப்பு, கால்சட்டை, முழங்கை வரை மண். அவர் கைக்குள் மண் தானாக எழுந்து நின்றது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. செய்யக்கூடாத ஒன்றைச் செய்கிறவரைப் பார்ப்பதுபோல் ஒரு பயம், கண்ணை எடுக்கவும் மனசில்லை. அவர் தலையைத் தூக்காமலே, "மயிலா அல்லே? மண்ணு நோக்கு" என்றார். என் பெயர் மயிலாத்தாள். அதற்குப் பிறகு யாரும் என்னை முழுப் பெயரில் கூப்பிட்டதில்லை.

அவர்தான் டீச்சர். கோட்டயம் பக்கத்து மலையாளி. சித்திரக் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதை விட்டு மலைக்கு வந்தவர். தமிழும் மலையாளமும் கலந்து, இரண்டிலும் குறைவாகப் பேசுவார். நன்றாக இருக்கிறது என்று அவர் வாயிலிருந்து வராது. "ம்" என்பார். அந்த "ம்" வருவதற்கு எனக்கு எட்டு மாதம் ஆனது.

காலையில் வந்ததும் யாரிடமும் பேசமாட்டார். நேரே அடுக்குகளுக்குப் போய் ஒவ்வொரு பச்சைப் பாத்திரத்தையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். உள்ளே ஈரம் இருந்தால் கன்னம் சில்லென்று சொல்லிவிடும், காய்ந்திருந்தால் ஒன்றும் சொல்லாது. எங்கள் ஊரில் நாங்கள் புறங்கையால் பார்ப்போம். கையை நம்பாதே, கை வேலை செய்து மரத்துப்போனது, கன்னம்தான் இன்னும் குழந்தை என்பார். கோணலாக இருந்தால் அவரே தூக்கி மண் தொட்டியில் போடுவார். யார் செய்தது என்று கேட்கமாட்டார். மன்னிப்புக் கேட்டால்தான் அவருக்குக் கோபம் வரும்.

சூளைக்குப் பால்ராஜ். எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவர், அப்பா வழி திருநெல்வேலி. வாய் நிறையக் கேலி. நான் "ஏனுங்க" என்றால் அவர் "ஏனுங்க்க்க" என்று இழுப்பார். என்னைவிட நாலு வயது சின்னவர் என்பதால் நானும் விடமாட்டேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம். டீச்சருக்கு வலது மணிக்கட்டு போய்க்கொண்டிருந்தது. கிண்ணம் செய்யலாம், பெரிய உருப்படி முடியாது. டாக்டர் கத்தி வைக்கவேண்டும் என்றார். அதற்கு முன்னால் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு ஜாடி செய்தார். ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். ஏழாவதை இறக்கியதும் கையைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு, "மதி. பெரிசு இனி இல்ல. இது ஏழும் கடைசி" என்றார். சாப்பாடு போதும் என்பதுபோல் சொன்னார். நானும் பால்ராஜும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடுத்த நாள் ஜாடிகளுக்கு வெள்ளை மண்ணைக் குழம்பாகக் கரைத்து மேல்பூச்சுப் பூசினோம். பூசி முடித்து மத்தியானமே டீச்சர் கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். காலையில்தான் திரும்புவார். போகும்போது என்னிடம், "மயிலா, நீ நோக்கிக்கோ" என்றார். அவ்வளவுதான்.

ஜாடிகள் முன்கொட்டகையில் நின்றன. மேலே தகரம், மூன்று பக்கம் சுவர், கிழக்குப் பக்கம் திறப்பு. பூச்சு ஈரமாக இருந்ததால் உள்ளே தூக்க முடியாது. அன்றைக்கு மேகமே இல்லை. மூன்று மணிக்கு ஒரு வறண்ட காற்று கிளம்பியது. எங்கள் ஊர்க் காற்றேதான்! என் உதடு அதை அடையாளம் கண்டுகொண்டது. ஜாடிகளின் வாய் விளிம்பு வெளுக்கத் தொடங்கியது. வயிறு ஈரமாக இருக்கும்போது வாய் மட்டும் காய்ந்தால் வெடிப்பு நிச்சயம். ஏழு சாக்கை எடுத்தேன், நனைத்தேன், பிழிந்தேன், போர்த்தினேன்.

பால்ராஜ் விறகடுக்கிலிருந்து எட்டிப் பார்த்தார். "யக்கா, வானம் தொறந்து கெடக்கு பாத்தீங்களா? காத்து நின்னுச்சுன்னா காலையில பனி வெட்டும்."

"பனி புல்ல வெட்டுமுங்க. பானைய என்ன பண்ணும்?"

"என்னத்தையோ பண்ணும். எனக்கென்ன தெரியும், நான் தீக்காரன்."

"அப்ப தீயப் பாருங்க. மண்ண நான் பாத்துக்கறேன்."

திருப்தியாகப் போய்ப் படுத்தேன். ஏழு ஜாடியும் சாக்குப் போர்த்திக்கொண்டு வரிசையாக அலுங்காமல் நின்றது கண்ணுக்குள்ளேயே இருந்தது.

விடிந்து கதவைத் திறந்தால் வெளியே தரை இல்லை. புல், பாதை, விறகு, பால்ராஜின் மறந்துபோன செருப்பு, எல்லாம் வெள்ளை. மலைக்கு வந்து பல தடவை பனி பார்த்திருக்கிறேன், புல்நுனியில் உப்புத் தூவியதுபோல. இது அப்படியில்லை. கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஒரு பறவை இல்லை, ஓர் இலை அசையவில்லை. உலகத்தை யாரோ பூச்சுப் பூசிக் காய வைத்திருக்கிறார்கள் என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்புறம்தான் ஜாடி ஞாபகம் வந்தது.

ஓடினேன். சாக்கைத் தொட்டால் பலகை. முறம் மாதிரி விறைத்து, தானாக நிற்கிறது. தோளோடு ஒட்டிப்போயிருக்கிறது. தொங்கும் ஓரத்தைச் சற்றுத் தூக்கிக் குனிந்து பார்த்தேன்.

ஜாடியின் வயிறு முழுக்க இறகு.

அதை எப்படிச் சொல்வேன்? வெள்ளைப் பூச்சுக்குள்ளே, அடியிலிருந்து மேலே ஏறி, ஒரு காம்பு, காம்புக்கு இரண்டு பக்கமும் கிளை, கிளைக்குக் கிளை. மயிலின் இறகை அழுத்தி எடுத்தால்கூட அவ்வளவு நுணுக்கம் வராது. அடுத்த ஜாடியில் சோலைக் காட்டுப் பெரணி. அதற்கடுத்ததில் முருங்கைக்கீரை உதிர்ந்து கிடப்பதுபோல. ஏழு ஜாடி, ஏழு விதம். ஐம்பது வருஷமாக மண்ணில் கை வைத்தவள் நான். ஒரு கோடு போடவேண்டுமென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு போடுவேன். நான் தூங்கி எழுவதற்குள் தண்ணீர் தானாக இதையெல்லாம் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. கும்பிடத் தோன்றியது. அழவும் தோன்றியது. உறைந்த மண் இளகினால் சேறாகச் சரிந்துவிடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீச்சரின் கடைசி ஏழும் என் ஈரச் சாக்குக்குள் கல்லாகி நின்றன.

சாக்கை உரித்துவிடலாம் என்று கையை வைத்தபோது பின்னால் ஜீப் நின்ற சத்தம்.

"தொடல்லே, மயிலா! தொடாதே!"

டீச்சர் கையில் கட்டோடு வந்து என் பக்கத்தில் குனிந்தார். பார்த்தார். ஒவ்வொரு ஜாடியாகப் போய்ப் பார்த்தார். வழக்கம்போல் கன்னத்தை அருகில் கொண்டுபோய், தொடாமல், ஒரு விரற்கடைத் தூரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடியிருந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். "டீச்சர், காத்தடிச்சுதுங்க. எங்கூருக் காத்து மாதிரியே. வாய் வெடிச்சுப் போயிருமேன்னு ஈரச் சாக்கு..."

"யாரு கேட்டது?" என்றார்.

பால்ராஜ் தீச்சட்டியோடு ஓடி வந்தார். "அனல் காட்டுவோமா டீச்சர்?"

"வேண்டா! சூரியனைத் தடு."

அதுதான் முதல் காரியம். எட்டு மணிக்குக் கிழக்குப் பக்கமாக வெயில் உள்ளே விழும். ஒரு பக்கம் மட்டும் இளகினால் ஜாடி அந்தப் பக்கமே சாயும். எங்கள் மூன்று பேர் கம்பளியையும் கொண்டுவந்து திறப்பில் கட்டினோம். உள்ளே அரையிருட்டு. மூன்று பேரும் முக்காலி போட்டு உட்கார்ந்தோம். குழந்தை பிறக்கிற வீட்டு வாசல் மாதிரி.

கொஞ்சம் கொஞ்சமாகச் சாக்கு தொய்ந்தது. நான் ஓரத்திலிருந்து, தூங்குகிற பிள்ளையின் சட்டையைக் கழற்றுவதுபோல் கழற்றினேன். தோளில் சாக்கின் நெசவு அப்படியே பதிந்திருந்தது, அதற்குக் கீழே இறகு. பனி உருகியும் தடம் மண்ணிலேயே நின்றது. அந்தச் சந்தோஷம் முழுசாக வருவதற்குள் முதல் ஜாடி வயிறு பிதுங்கி, மெதுவாக, சத்தமே இல்லாமல் உட்கார்ந்துவிட்டது.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "மயிலா, உன் பலகை" என்றார்.

கல்லும் பலகையும் எடுத்து வந்தேன். தட்டினால் வயிறு இறுகும், ஜாடி நிற்கும். அது என் வேலை, எனக்கு உறக்கத்திலும் வரும். பலகையை ஓங்கியவள் நிறுத்திவிட்டேன். தட்டினால் இறகு போய்விடும். நான் டீச்சரைப் பார்த்தேன், அவர் ஜாடியைப் பார்த்தார். இரண்டாவதும் பிதுங்கத் தொடங்கியது.

"டீச்சர், வெளிய தொட வேண்டாமுங்க. உள்ள குடுக்கலாம். காஞ்சதா எதாச்சும் உள்ள ரொப்புனா வயித்தத் தாங்கும், ஈரத்தையும் உள்ளயே குடிச்சுக்கும்."

"என்ன ரொப்புறது?"

சொல்லத் தயக்கமாக இருந்தது. அவர் இரண்டு வருஷமாகச் சலித்துச் சலித்து மூட்டைகளில் சேர்த்து வைத்த சூளைச் சாம்பல் உள்ளே இருந்தது. அதைக் கரைத்துத்தான் பாத்திரங்களுக்குக் கண்ணாடிப் பூச்சு செய்வார். ஒரு சிரட்டை சிந்தினாலும் பால்ராஜுக்கு அன்றைக்கு முறைப்புதான்.

"உங்க சாம்பலுங்க" என்றேன்.

"எடுத்தோ" என்றார், நான் முடிப்பதற்குள்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் காப்பாற்ற முடியவில்லை. மீதி நாலுக்கும் சிரட்டை சிரட்டையாகச் சாம்பல் இறக்கினோம், அடியிலிருந்து கழுத்து வரை, தட்டாமல், அமுக்காமல். ஒன்று ஏற்கெனவே இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. சாய்ந்தபடியே நின்றுவிட்டது.

ரொப்பினால் மட்டும் போதாது. மண் காயும்போது சுருங்கும். உள்ளே சாம்பல் அடைத்துக்கொண்டு நின்றால் சுருங்க இடமில்லாமல் வெடிக்கும். சீக்கிரம் எடுத்தால் விழும். அதனால் டீச்சர் முக்காலியிலேயே இருந்தார். கழுத்தில் கன்னத்தை வைத்துப் பார்ப்பார், தலையாட்டினால் நான் ஒரு சாண் சாம்பல் அள்ளுவேன். இன்னும் கீழே, இன்னும் ஒரு சாண். சோறு அங்கேயே. பால்ராஜ் கட்டன் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏனுங்க்க்கா, பனி பானைய என்னங்க பண்ணும்?" என்றார். டீச்சர் சிரித்தார். அத்தனை வருஷத்தில் அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். இருட்டுவதற்குள் பாதிச் சாம்பல் வெளியே வந்தது. மீதி எடுக்க இன்னும் மூன்று நாள்.

கடைசிச் சாம்பலை எடுத்த அன்று தோளில் பதிந்த சாக்கு நெசவைச் சுரண்டி எடுக்கலாமா என்று கேட்டேன். "எதுக்கு? அது நீ போட்டது" என்றார். அவர் எல்லாப் பாத்திரத்தின் அடியிலும் ஆணியால் தன் பெயரைக் கீறுவார். அந்த நாலுக்கும் கீறவில்லை.

சூளை ஏற்றி, எரித்து, ஆறவைத்தோம். பால்ராஜ் கதவுச் செங்கலை ஒவ்வொன்றாக எடுத்தார். வெளியே இறகெல்லாம் அப்படியே, சாம்பல் நிற வெள்ளையில். அதை எதிர்பார்த்திருந்தோம். எதிர்பார்க்காதது ஜாடிகளுக்கு உள்ளே இருந்தது. டார்ச் அடித்து எட்டிப் பார்த்த பால்ராஜ், "யக்கா, வாங்க, வாங்க" என்று கத்தினார். ஈரச் சுவரில் ஒட்டியிருந்த சாம்பல் தீயில் உருகிப் பச்சைக் கண்ணாடியாக வழிந்து, அடியில் குளம் கட்டி நின்றது. வெளியே பனிக்காலம், உள்ளே சுனை. யாரும் திட்டம் போடவில்லை. டீச்சர் சாய்ந்த ஜாடியில் கன்னத்தை வைத்தார். ரொம்ப நேரம் கன்னத்தை எடுக்கவில்லை. அப்புறம், "ம்" என்றார்.

அதற்குப் பிறகு டீச்சர் பெரிய ஜாடி செய்யவில்லை. நான் செய்தேன், எங்கள் வீட்டு வழியில், கல்லும் பலகையும் வைத்துத் தட்டி. சக்கரத்தில் கடைசி வரை உட்காரவில்லை. டீச்சர் இரண்டு தடவை கேட்டார், மூன்றாவது கேட்கவில்லை. ஒவ்வொரு தையிலும் வானம் திறந்து கிடந்தால் ஒரு ஜாடிக்கு ஈரச் சாக்குப் போடச் சொல்வார். சேறுதான் கிடைத்தது. ஒருதடவை ஒரு கோழி இறகளவுக்கு வந்தது, அதுவும் காய்ந்ததும் உதிர்ந்துவிட்டது. அதனால் அனீஷா, எத்தனை ஈரம், எத்தனை மணி என்று என்னிடம் கேட்காதே. சாம்பல் மட்டும் மூட்டை நிறைய வைத்துக்கொள். கம்பளியைப் பக்கத்தில் வை.

முழங்காலுக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் இறங்கி வந்தபோது, சாய்ந்த ஜாடியை டீச்சர் வைக்கோல் சுற்றி லாரியில் ஏற்றிவிட்டார். இப்போது கொழிஞ்சாம்பாறை வீட்டில், சமையலறைக்குப் போகிற வழியில் நிற்கிறது. மருமகள் அதில் புளி போட்டு வைத்திருக்கிறாள். எனக்கு அதில் வருத்தமில்லை, ஜாடி என்றால் எதையாவது வைத்துக்கொள்ளத்தான்.

போன பங்குனியில் கரண்டு மீட்டர் பார்க்க ஒரு பெண் வந்தாள். வெளியே தீக்காற்று. வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றவள் ஜாடியைப் பார்த்து விரலால் தடவினாள்.

"இது எந்த எலைங்க பாட்டி?"

"எலை இல்ல கண்ணு. தண்ணி."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கழுத்தை நீட்டி ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி எங்கீங்க? புளிதானுங்க இருக்குது."

"அது மருமகளோடது. நீ சித்தக் கன்னத்த வெச்சுப் பாரு."

கூச்சத்தோடு மருமகள் இருக்கிற பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குனிந்து வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. கையில் மீட்டர் மிஷின் கீங் கீங் என்று கத்திக்கொண்டே இருந்தது.